புக் போஸ்ட்டில் வந்த தரிசனம்

சாரல் ஆரம்பித்துவிட்டது. தென்காசியில் காலை பத்து மணிக்கும் வெயில் இல்லை. குற்றாலம் ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சீசன் வந்தால் எங்கள் பக்கத்துக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள். குளிக்க வருகிறவர்கள், விற்க வருகிறவர்கள், பிரசங்கம் பண்ண வருகிறவர்கள். இந்த மூன்றாவது வகையில் நல்லவர்கள் பலரை நான் அறிவேன். இன்று எழுதப்போவது மற்றவர்களைப் பற்றி.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஒரு நோட்டீஸைக் கொடுத்தான். குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் உபவாச ஜெபம். தீராத வியாதிகள் தீரும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அம்மாவக் கூட்டிட்டுப் போறேன் மாமா. நீங்களும் வாங்க."

அவன் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி?"

"அங்க போனப்புறம் அது தேவைப்படாது மாமா."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இது ஏமாற்று வேலை, போகாதே என்று சொன்னேன். அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "நியாயந்தீர்க்காதீங்க மாமா. அபிஷேகம் பண்ணப்பட்டவரப் பத்தி அப்படிப் பேசக் கூடாது" என்றான். தெருவில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில், எனக்கு ஏன் கை நடுங்கியது என்று சொல்லவேண்டும்.

1994 ஜூலை. பாவூர்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்த என் அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் ஊசி. அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அடுப்பங்கரை மூலையில் ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் டப்பாவில் மருந்துக் குப்பிகளை வைத்து அத்தான் பாதுகாப்பார். அந்தச் சீசனில் ஒரு வெளியூர் ஊழியக்காரரின் மூன்று நாள் கூட்டம். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

மூன்றாம் நாள் அவர் அக்கா தலையில் கை வைத்து ஜெபித்தார். சுகமாகிவிட்டது என்றார். இனிமேல் ஊசி போட்டால் அது அவிசுவாசம் என்றும் சொன்னார். அக்கா மேடையேறிச் சாட்சி சொன்னாள். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "தம்பி, இனி இந்த ஊசிக் குத்து இல்லடே" என்றாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

மூன்று வாரத்தில் காலில் புண். பிறகு காய்ச்சல். அதன் பிறகு நினைவு தப்பியது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். பதினோராம் நாள் உடம்பைத்தான் கொண்டுவந்தோம்.

அந்த ஊழியக்காரருக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. சகோதரியின் சுகம் உண்மையானது, ஆனால் வீட்டில் யாரோ சந்தேகப்பட்டதால் பிசாசு அதைத் திருடிவிட்டான் என்று எழுதியிருந்தார். அதை அத்தானும் வாசித்தார். வாசித்துவிட்டு எழுந்துபோய் அந்த மண்பானையைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டு உடைத்தார். உள்ளே நாலு குப்பி மருந்து இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தூர எறியாமல் வைத்திருக்கிறார். 2003-ல் கண்ணை மூடும்வரை, தான் அந்தக் குப்பிகளை வைத்திருந்ததால்தான் மனைவி செத்தாள் என்று நம்பினார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

இன்னொன்று. அடுத்த வருஷம் சீசனில், குற்றாலத்தில் அதே கூட்டம். வாசலில் கேசட் விற்றார்கள். போன வருஷச் சாட்சிகள் என்று ஒரு கேசட். வாங்கிவந்து போட்டேன். என் அக்காவின் குரல், சுகமானேன் என்கிறது. அவளைப் புதைத்துப் பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து ஒரு கேள்வியோடுதான் வேதத்தை வாசித்துவருகிறேன். கள்ளப் போதகரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? முப்பது வருஷ வாசிப்பில் கிடைத்த பதில் ஒன்றே ஒன்று. அற்புதம் நடக்கிற நாளில் நல்லவரும் கள்ளரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். சொன்னது நடக்காமல் போகிறதே, அதற்கு மறுநாள் காலையில் யார் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அங்கே தெரிந்துவிடும்.

எங்கள் பகுதிச் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் இருந்த அருளப்பன் (1810-1867) மூலமாக 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அவர் வழி வந்தவர்கள் 1870-களில் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போய்ப் பிரசங்கித்தார்கள். அங்கும் எழுப்புதல் பரவியது. அதில் முன்னணியில் நின்றவர் யுஸ்துஸ் யோசேப்பு. 1861-ல் குடும்பத்தோடு கிறிஸ்தவரான பிராமணர், சி.எம்.எஸ். குருவானவர், பெரிய படிப்பாளி. மலையாளத்தில் அவர் எழுதிய பக்திப் பாட்டுகளை இன்றும் கேரளச் சபைகளில் பாடுகிறார்கள்.

அந்த எழுப்புதலின் நடுவில், 1881-ல் கிறிஸ்து வருவார் என்று ஒரு தீர்க்கதரிசனம் கிளம்பியது. யுஸ்துஸ் யோசேப்பு அதை ஏற்றுக்கொண்டு அறிவித்தார். ஜனங்கள் காத்திருந்தார்கள். 1881 வந்தது, போனது. மறுநாள் காலையில் அவர் என்ன செய்தார்? நான் தவறிவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வருஷத்துக்குப் புது அர்த்தம் சொல்லி, யூயோமயம் என்று ஒரு புது மார்க்கத்தையே ஏற்படுத்தினார்.

அவர் காசு பறிக்க வந்த திருடர் என்று நான் நினைக்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, படிப்பு இருந்தது, கண்ணீர் உண்மையாக இருந்தது. இத்தனையும் இருந்தும் போதனை பொய்யானது. இதைத்தான் அந்தத் தம்பிக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் நல்லவராக்கும், உருக்கமாகப் பாடுகிறாராக்கும் என்பதெல்லாம் அத்தாட்சி ஆகாது.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கம் ஓடைமறிச்சானில் மனுஜோதி ஆசிரமம் இருக்கிறது. அதை நிறுவிய பாலாசீர் லாறி, 1960-களில் சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் பேர்போனவர். அமெரிக்காவின் வில்லியம் பிரன்ஹாமின் செய்திகளை ஏற்றவர். பிரன்ஹாமோ 1977-ல் உலக அமைப்புகள் முடிவுக்கு வரும் என்று தாம் கணித்துச் சொன்னவர். அவர் 1965-லேயே காலமானார். 1977-ம் வந்து போயிற்று. லாறியையே திரும்பி வந்தவராக அவருடைய ஆதரவாளர்கள் நம்பினார்கள். 1989-ல் அவரும் காலமானார். ஆசிரமத்தில் வாழ்கிறவர்களின் நேர்மையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சுகமளிக்கும் மேடையில் ஒரு மனிதர்மேல் விழுகிற வெளிச்சம் அவரை எந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

வெகுதூரத்தில் நடந்ததும் இதே கதைதான், விலைதான் வேறு. 1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டு ஜோன்ஸ்டவுனில், ஜிம் ஜோன்ஸை நம்பிப்போன 900-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். 2023-ல் கென்யாவின் ஷகாஹோலா காட்டில், இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடக்கச் சொன்னார் ஒரு போதகர் என்ற குற்றச்சாட்டின் பேரில் தோண்டியபோது 400-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. எல்லாம் உபவாசம் என்ற நல்ல வார்த்தையில் தொடங்கியது.

ஒரே ஒரு மாறுதலான உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க வானொலிப் போதகர் ஹரால்டு கேம்பிங், 2011 மே 21 நியாயத்தீர்ப்பு நாள் என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்தார். நடக்கவில்லை. அக்டோபருக்குத் தள்ளினார். அதுவும் நடக்கவில்லை. 2012-ல், தேதி குறித்தது பாவம் என்று எழுதி ஒப்புக்கொண்டார். அதற்குள் பலருடைய பணமும் நிம்மதியும் போய்விட்டன, உண்மைதான். ஆனாலும் தொண்ணூறு வயதில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவரால் முடிந்தது. என் அத்தானுக்கு வந்த கடிதத்தில் அது இல்லை.

இப்போது தம்பியின் இரண்டு வாதங்களுக்கு வருகிறேன்.

நியாயந்தீர்க்காதே என்பது மத்தேயு 7-ம் அதிகாரம் முதல் வசனம். அதே அதிகாரத்தை இன்னும் 14 வசனம் வாசித்தால், ஆட்டுத்தோல் போர்த்துவரும் பொய்த் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறார் அதே ஆண்டவர். கனியைப் பார்த்து மரத்தை அறியச் சொல்கிறார். நிதானித்துப் பார்க்காமல் எப்படி எச்சரிக்கையாயிருப்பது?

அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடக்கூடாது என்பது சங்கீதம் 105-ல் வருகிறது. அங்கே பேச்சு, பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யக்கூடாது என்பதைப் பற்றி. கேள்வியே கேட்கக்கூடாது என்பதைப் பற்றி அல்ல. தாவீது அபிஷேகம் பெற்றவன்தானே? நாத்தான் அவன் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னார். பேதுருவைவிட அபிஷேகம் பெற்றவர் யார்? அந்தியோகியாவில் பவுல் அவரை எதிர்த்து நின்றார். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் புகழ்கிறது.

சரி, எப்படி நிதானிப்பது? பெரிய வேதசாஸ்திரம் வேண்டாம். தபால் ஆபீசில் நான் கற்றதே போதும்.

நான் போஸ்ட் மாஸ்டராக இருந்த ஓர் ஊரில் பீடி சுற்றும் ஒரு பாட்டி மாதாமாதம் ஓர் ஊழியத்துக்கு ஐம்பது ரூபாய் மணியார்டர் அனுப்புவாள். கூப்பனில் எழுதத் தெரியாது. நான்தான் எழுதிக்கொடுப்பேன். மகனுக்கு வேலை கிடைக்க ஜெபிக்கவும் என்று. ஒருநாள் பதில் வந்தது என்று ஓடிவந்து வாசிக்கச் சொன்னாள். நேற்றிரவு தேவன் உன்னைத் தரிசனத்தில் எனக்குக் காட்டினார், உன் கண்ணீரைக் கண்டேன் என்று இருந்தது. பாட்டி அழுதுவிட்டாள். என்னால் அழ முடியவில்லை. ஏனென்றால் அன்று காலைப் பையில் அதே கடிதம் இருபதுக்கு மேல் வந்திருந்தது. ஒட்டாத உறை, அச்சடித்த தாள், புக் போஸ்ட். தனிக் கடிதத்துக்குரிய தபால்தலைகூட ஒட்டப்படாத தரிசனம்!

அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. மனசு வரவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

இதே விஷயத்தை ஆதித் திருச்சபையும் சந்தித்திருக்கிறது. டிடாக்கே என்று ஒரு சிறு நூல், பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை என்ற பேரில் வழங்குவது. நெடுங்காலம் காணாமல் போயிருந்து, 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு, 1883-ல் அச்சாயிற்று. ஊர் ஊராய் வரும் போதகரை எப்படிச் சோதிப்பது என்று அதில் இருக்கிறது. இரண்டு நாளைக்குமேல் தங்கி மூன்றாம் நாளும் உட்கார்ந்தால் கள்ளன். போகும்போது சாப்பாட்டுக்கு மேல் பணம் கேட்டால் கள்ளன். ஆவியில் நிறைந்து விருந்து வைக்கச் சொல்லிவிட்டு அதைத் தானே சாப்பிட்டால் கள்ளன். எவ்வளவு வீட்டுப்புத்தி பாருங்கள்! அவர்கள் மறைபொருளைத் தேடவில்லை. சாப்பாட்டையும் காசையும் பார்த்தார்கள்.

ஆகவே நானும் மூன்றே கேள்வி வைத்திருக்கிறேன்.

ஒன்று, போன வருஷம் மேடையில் சாட்சி சொன்னவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? போய்ப் பார்த்தீர்களா?

இரண்டு, கணக்கை யார் பார்க்கிறார்கள்? குடும்பத்தார் அல்லாத ஒருவராவது பார்க்கிறாரா? நாகமானைச் சுகமாக்கிய எலிசா வெகுமதியைத் தொடவில்லை. பின்னாலே ஓடி வாங்கின கேயாசிக்குக் கிடைத்தது குஷ்டம்.

மூன்று, சுகமாகாதவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்? இதுதான் தலையான கேள்வி. உனக்கு விசுவாசம் போதாது என்று வியாதிக்காரன்மேல் பழி போடுகிறவரை நம்பாதீர்கள். வெற்றி என்றால் அவருக்கு, தோல்வி என்றால் நோயாளிக்கு. இந்த வியாபாரத்தில் அவருக்கு நஷ்டமே வராது.

வேதம் அப்படிப் பேசவில்லையே. பவுலுக்கு முள் நீங்கவில்லை. துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் என்று வைத்தியம் சொல்கிறார். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சுகம் வாக்களித்த பிறகும் ஏசாயா அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார்.

நம் பக்கத்து டோனாவூரைப் பாருங்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டபின், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளைப் பராமரித்தார். அந்த அம்மாவுக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல எந்த மேடைக்காரருக்குத் தைரியம் உண்டு? அவரிடம் சொல்லத் துணியாததை என் அக்காவிடம் மட்டும் எப்படிச் சொன்னார்கள்?

அப்படியானால் அற்புதமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு என்று நம்புகிறவன் நான். ஜெபிக்கிறேன். கர்த்தர் சுகம் தந்தால் அது ரத்தப் பரிசோதனையிலும் தெரியும். குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கிய இயேசு, ஆசாரியனிடம் போய்க் காண்பி என்றார். அந்நாளில் அதைச் சரிபார்க்கும் அதிகாரம் ஆசாரியனுக்கு இருந்தது. பரிசோதனைக்குப் பயப்படுகிற சுகம் என்ன சுகம்? நாட்டின் சட்டமும் இதை யோசித்திருக்கிறது. 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு போன்ற வியாதிகளை மாய வைத்தியத்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நோட்டீஸ் சுவரில் இருக்கிறது.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கா ஏன் அங்கே போனாள்? ஆறு வருஷம் சர்க்கரையோடு கிடந்தவளைப் பார்க்க எங்கள் சபையிலிருந்து எத்தனை பேர் போனோம்? அசன வைபவத்துக்கும் சபைத் தேர்தலுக்கும் ஓடின கால்கள் அவள் வாசலுக்குப் போகவில்லை. அந்த மண்டபத்தில்தான் முதல்தடவையாக ஒருவர் அவள் பேரைக் கேட்டார், தலையில் கை வைத்தார், அழுதார். கள்ளப் போதகர் நாம் காலியாக விட்ட நாற்காலியில்தான் வந்து உட்காருகிறார். அவரைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் நானும் பாதிக் கள்ளன்தான்.

அதனால் நேற்றுச் சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். பாவம், பேச ஆள் இல்லாமல் இருந்திருக்கிறாள். அக்கா கதையைச் சொன்னேன், மண்பானையையும் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

ஓர் ஏற்பாடு சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், டயாலிசிஸ் முடியும்வரை கூடவே இருக்கிறேன். சனிக்கிழமை மூவருமாகக் கூட்டத்துக்குப் போவோம். ஜெபிக்கிற இடத்தில் ஜெபிப்போம். முடிந்ததும் அந்த மூன்று கேள்வியையும் மரியாதையாக நானே கேட்கிறேன். பதிலைக் கேட்டுவிட்டு நீயே முடிவு செய் என்றேன்.

தம்பி இன்னும் பிடிகொடுக்கவில்லை. அவன் அம்மா மட்டும், "வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு வருவீய?" என்று கேட்டாள். ஆறரைக்கு என்று சொல்லியிருக்கிறேன்.